மொய் நோட்டில் ஏறாத பொட்டலம்

வாசகி ஒருவரின் கடிதம். நீளமாக எழுதியிருந்தார். சுருக்கித் தருகிறேன்.

“அக்காவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சென்னை கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பிரிவில் என்னைத் தவிர 23 பேர். கிறிஸ்தவர் நான் ஒருத்திதான். போன வருடம் இங்கே எனக்கு முதல் கிறிஸ்துமஸ் என்பதால் ஆசை ஆசையாக எல்லோருக்கும் பிளம் கேக் வாங்கிக் கொடுத்தேன். ஒரு டப்பா 350 ரூபாய். நகைச் சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது. கொடுத்த பிறகு சந்தோஷமாக இல்லை. மூன்று பேர் மாலை போட்டிருந்தார்கள், முட்டை இருக்கும் என்று தொடவே இல்லை. ‘இன்க்ரிமென்ட் நேரம் வருதுல்ல’ என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். பொங்கலுக்கு மேலாளர் மேடம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒரு நல்ல சுடிதார் துணி கொடுத்தார். 2,000 ரூபாயாவது இருக்கும். இந்தத் தீபாவளிக்கு எங்கள் பிரிவில் ஒரு அக்கா எல்லோருக்கும் முந்திரி, பாதாம் டப்பா கொடுத்துவிட்டு, ‘எல்லாம் உன்னால வந்த செலவு’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இந்த வருடம் அப்பாவுக்கு இதய சிகிச்சை செய்து கையில் ஒன்றும் இல்லை. கொடுக்காமலே விட்டால் மனசு கேட்காது. சின்னதாகக் கொடுத்தால் கஞ்சம் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. மேடத்துக்கு மட்டும் கொஞ்சம் பெரியதாகக் கொடுக்க வேண்டுமா? வாழ்த்து அட்டையில் வேத வசனம் எழுதலாமா?”

அன்புத் தங்கைக்கு,

அப்பா இப்போது நன்றாக நடமாடுகிறார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் நிம்மதியாக இருந்தது. சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

போன வருடத்துக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 23 டப்பா, 350 வீதம் 8,050 ரூபாய். உங்கள் சம்பளத்தில் அது பெரிய தொகை. வாங்கியவர்களுக்கும் அது பெரிய தொகையாகத்தான் தெரிந்திருக்கிறது. காதுபடப் பேசியவர், துணி எடுத்துக் கொடுத்த மேடம், டப்பா கொடுத்த அந்த அக்கா, மூவரும் வேறு வேறு மாதிரி நடந்துகொண்டாலும் மூவருக்கும் நடந்தது ஒன்றுதான். வாங்கிய பொருள் மனதில் கடனாக உட்கார்ந்துவிட்டது. ஒருவர் அதற்கு உள்நோக்கம் தேடினார், ஒருவர் உடனே தீர்த்தார், ஒருவர் தீபாவளி வரை சுமந்துவிட்டுத் தீர்த்தார். அவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மீதும் தப்பு இல்லை. டப்பாதான் பெரிதாகப் போய்விட்டது.

கொடுத்து வாங்குவதில் நமக்கு இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று மொய். கல்யாண வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை எல்லாம் ஏறும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே வைப்பார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்து வரும்போது அந்தத் தொகையைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது மொய்யும் வைக்க வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த வெளிப்படையான ஏற்பாடு. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

இன்னொன்று ஆயுத பூஜைப் பொரி. உங்கள் ஆபீசிலும் கொடுத்திருப்பார்கள். பொரி, பொட்டுக்கடலை, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, ஒரு வாழைப்பழம். முதலாளியின் மேசைக்குப் போகும் பொட்டலமும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி கைக்குப் போகும் பொட்டலமும் ஒன்றுதான். இதற்குத் திருப்பி என்ன செய்வது என்று யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறார்களா? இன்க்ரிமென்டுக்காகப் பொரி கொடுத்தார் என்று யாராவது சொல்வார்களா? வாங்குகிறோம், நாலு வாய் போட்டுக்கொள்கிறோம், மிச்சத்தை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டுபோகிறோம்.

நீங்கள் பொரி கொடுக்க நினைத்து மொய் வைத்துவிட்டீர்கள். ஆபீசில் நோட்டுப் போட்டு யாரும் எழுதுவதில்லைதான். ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் ஒரு நோட்டு இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு மேலே போனால் அது தானாகத் திறந்துகொள்ளும். 24 வருடம் மனிதவளப் பிரிவில் இருந்து இதைப் பார்த்திருக்கிறேன். கோவையில் நான் வேலை பார்த்த முதல் கம்பெனியில் ஒரு பிரிவு முழுக்கப் பிறந்தநாள் பரிசு என்று ஆரம்பித்தது. 100 ரூபாயில் தொடங்கியது இரண்டே வருடத்தில் ஆளுக்கு 500 என்று ஏறி நின்றது. சம்பளத்தில் கடைசியில் இருந்த ஒரு தம்பி, மாதத்தில் மூன்று பிறந்தநாள் வந்தால் ஒரு நாளாவது லீவு போட ஆரம்பித்தார். காரணம் எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அதைப் புரிந்துகொள்ள அத்தனை நாள் எடுத்துக்கொண்டேனே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு. அந்தத் தம்பியை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் பிரிவிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். போன வருடம் அந்த 350 ரூபாய் டப்பாவைக் கையில் வாங்கியபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அதனால் இந்த வருடம் சின்னதாகக் கொடுக்கப் போகிறோமே என்று கூச வேண்டாம். கையில் 50,000 ரூபாய் இருந்தாலும் ஆபீசுக்குச் சின்னதாகத்தான் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு சின்னது என்றால், வாங்கியவர் அடுத்த வாரம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடுகிற அளவு. இன்றைய விலைவாசியில் ஒருவருக்கு 30, 40 ரூபாய். அதைத் தாண்ட வேண்டாம்.

நீங்கள் நாகர்கோவில்காரர். அங்கே டிசம்பர் மூன்றாவது வாரம் ஆனால் எந்தத் தெருவில் நுழைந்தாலும் எண்ணெய்ச் சட்டி வாசம்தான். முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. இவ்வளவும் ஊரில் இருக்க, சென்னைக் கடையில் 350 ரூபாய்க்குக் கேக் வாங்கியிருக்கிறீர்களே என்று எனக்குக் கொஞ்சம் ஆற்றாமைதான். உங்கள் பிரிவில் இருக்கும் 23 பேரும் பிளம் கேக் சாப்பிட்டிருப்பார்கள். முந்திரிக்கொத்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயரைக் கேட்டு முந்திரிப் பருப்பு இருக்கும் என்று நினைப்பார்கள். சிறுபயறு வறுத்து அரைத்து, தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பது என்று நீங்கள் விளக்கும்போதே அங்கே பேச்சு களைகட்டிவிடும். கேக்கைப் பற்றி விளக்க என்ன இருக்கிறது?

இன்னொரு பெரிய வசதியும் உண்டு. முந்திரிக்கொத்தில் முட்டை கிடையாது. போன வருடம் உங்களுக்கு இடறியது அங்கேதான். நம் ஊர் ஆபீஸ்களில் டிசம்பர் ஒரு தனி மாதம். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டிருப்பார்கள். மண்டல விரதம் 41 நாள், கிறிஸ்துமஸை ஒட்டித்தான் முடியும். மகர ஜோதிக்குப் போகிறவர்கள் ஜனவரி நடுவரை விரதத்தில் இருப்பார்கள். மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை கட்டிப் போகும் பெண்களும் அப்போது இருப்பார்கள். அப்புறம் மார்கழி பிறந்துவிடும், அந்த மாதம் முழுக்க அசைவம் தொடாதவர்கள் பலர். முஸ்லிம் நண்பர்கள் இருந்தால், பிளம் கேக்கில் பழங்களை ரம்மில் ஊறப்போட்டிருப்பார்களோ என்று தயங்குவார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள். உங்கள் அச்சு முறுக்கிலும் கவனம் வேண்டும். நிறைய வீடுகளில் அதில் முட்டை சேர்ப்பார்கள், பார்த்தால் தெரியாது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மாலை போட்டவர்களில் சிலர் வெளியில் செய்த எதையும் சாப்பிட மாட்டார்கள். அவர்களிடம், “அண்ணா, முட்டை இல்லை, வீட்டில் செய்தது. நீங்கள் சாப்பிடாவிட்டாலும் பிள்ளைகளுக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்லிக் கையில் கொடுத்தால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இனிப்பில்லாத முறுக்கு நாலு வைத்த பொட்டலம் இரண்டு மூன்று தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு அப்பாவைக் கவனிக்கும் வேலையே இந்த வருடம் போதும் போதும் என்று இருக்கலாம். அப்படியென்றால் அவரைச் சிரமப்படுத்த வேண்டாம். நாகர்கோவில் பலகாரக் கடைகளிலும், ஆர்டர் எடுத்து வீட்டிலேயே செய்து கொடுக்கும் பெண்களிடமும் கிடைக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் நல்ல யோசனைதான். 2020இல் புவிசார் குறியீடு பெற்றது, விலை கைக்கு அடக்கம், கெட்டும் போகாது.

எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரிவில் 23 பேர். உங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மாக்கள், வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, டீ கொண்டுவரும் அண்ணன், இவர்களையும் சேருங்கள். ஐந்து பேர் என்றால் 28. மேலே நாலு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், 32. பக்கத்துப் பிரிவு ஆள் வந்து நிற்பார், செக்யூரிட்டி ஷிப்ட் மாறியிருப்பார், புதிதாகச் சேர்ந்த பிள்ளையை நீங்கள் கணக்கில் விட்டிருப்பீர்கள். 32 பொட்டலம், 40 ரூபாய் வீதம் 1,280. போன வருடச் செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

லீவில் இருப்பவர்களின் பொட்டலத்தைப் பெயர் எழுதி எடுத்து வையுங்கள். நான் இருந்த இன்னோர் அலுவலகத்தில் 40 பேருக்கு ஒருவர் பரிசு கொடுத்தார். அன்று லீவில் இருந்த இரண்டு பேர் திரும்பி வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அந்த இருவரில் ஒருவர் அவரோடு அடுத்த வருடம்வரை சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னப் பொருள்தானே என்று நினைக்கலாம். கிடைக்காமல் போனால் அது சின்னப் பொருளாக இருக்காது.

ஒவ்வொன்றிலும் இரண்டு முந்திரிக்கொத்து போதும். நன்றாக ஆறிய பிறகு கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் வேர்த்து நமுத்துப் போகும். பட்டர் பேப்பரில் சுற்றிப் பழுப்புக் காகித உறையில் போட்டு ஒரு நூல் கட்டினால் அழகாக இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே தடை இருக்கிறது, அதைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் பனை ஓலையில் முடைந்த சின்னக் கொட்டான் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். பலகாரம் தீர்ந்த பிறகும் மேசையில் பின் போட்டு வைக்க உதவும்.

தின்பண்டம் வேண்டாம், வேறு ஏதாவது கொடுக்கலாமே என்று தோன்றினால் கற்பூரவல்லி இருக்கிறது. சில வீடுகளில் ஓமவல்லி என்பார்கள். ஒரு செடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒடித்து மண்ணில் செருகினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். நவம்பரில் சென்னையில் மழைக்காலம், தண்ணீர் ஊற்றும் வேலைகூடக் குறைவு. தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கொடுக்கலாம், காசே ஆகாது. சளிக் காலம் வேறு, குழந்தை இருக்கும் வீடுகளில் உடனே உபயோகப்படும். ஒரே சிக்கல், மின்சார ரயிலில் கூட்டத்தில் 32 சிரட்டையைக் கொண்டுபோக முடியாது. ஐந்தாறு நெருக்கமானவர்களுக்கு மட்டும் என்றால் பிரிவினையாகிவிடும். உங்கள் நிலைமைக்குப் பலகாரம்தான் சரி. காபிக் கோப்பை, போட்டோ பிரேம், சாவிக் கொத்து மாதிரி சாமான்கள் வேண்டாம். கைக்குட்டையும் வேண்டாம். கைக்குட்டை கொடுத்தால் பிரிவு வரும் என்று நம்புகிறவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள், அவர்களை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும்?

இனி அட்டைக்கு வருகிறேன். பொட்டலத்தைவிட எனக்கு இதில்தான் அக்கறை அதிகம்.

கடையில் அச்சடித்த வாழ்த்து அட்டை வாங்காதீர்கள். வெள்ளை அட்டையை உள்ளங்கை அளவு வெட்டிக்கொள்ளுங்கள். மேலே ‘கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்’, கீழே உங்கள் பெயர், நடுவில் ஒரே ஒரு வரி. அந்த வரி அந்த ஒரு ஆளுக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கட்டும். இந்த வருடம் அவர் செய்த, நீங்கள் பார்த்த, மற்றவர்கள் கவனிக்காமல் போன ஏதோ ஒன்று. கணக்குப் பிரிவில் இதற்குப் பஞ்சமே இருக்காது. மார்ச் கடைசி வாரம் எல்லோரும் பேயாய் உழைத்திருப்பீர்கள். மாதம் 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் அன்று இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்க, உங்களோடு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தவர் ஒருவர் இருப்பார். “ஜூலையில் அந்த 20ஆம் தேதி ராத்திரி, நான் கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று என்னை அனுப்பிவிட்டு நீங்கள் முடித்தீர்கள். மறக்கவில்லை” என்று எழுதிப் பாருங்கள். அதை அவர் தூக்கிப் போட மாட்டார். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் வேலையை யாராவது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருப்பார்கள். யாராவது சும்மா ஒரு போன் செய்து விசாரித்திருப்பார்கள். அவர்களுக்கு எழுத உங்களிடம் வார்த்தை இருக்கிறது.

“கடின உழைப்பாளி”, “நல்ல மனிதர்” என்றெல்லாம் எழுத வேண்டாம். அது வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தின் மொழி, நான் 24 வருடம் அதில் குளித்தவள். பத்துப் பேருக்கு ஒரே வரியை எழுதவும் வேண்டாம். கட்டாயம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு நாளைக்கு நாலு அட்டை என்று எழுதினால் எட்டு நாளில் முடிந்துவிடும். ஒரே ராத்திரியில் உட்கார்ந்தால் பத்தாவது அட்டைக்கு மேல் கையும் வலிக்கும், மனசும் வற்றிவிடும்.

காதுபடப் பேசியவருக்கு என்ன எழுதுவது என்று திகைப்பீர்கள். பொய் எழுத வேண்டாம். குத்தலும் வேண்டாம். அவரிடம் உண்மையிலேயே உங்களுக்கு உபயோகமான ஒன்றைத் தேடுங்கள். எக்ஸெலில் ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கலாம், ஒரு தப்பை மேலே போகாமல் பிடித்திருக்கலாம். சின்னதாக இருந்தாலும் உண்மையாக இருந்தால் போதும். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை என்றால், “உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வாழ்த்துகள்” என்பதும் நல்ல வரிதான். தளம் துடைக்கும் அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் அட்டையை எழுதி வைத்து, கொடுக்கும்போது நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். அவருக்கென்று எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

வேத வசனம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே உங்கள் நல்ல குணம். என் அபிப்பிராயம், 23 பேருக்கும் கொடுக்கும் அட்டையில் வசனம் வேண்டாம். உங்கள் விசுவாசத்தை நீங்கள் மறைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விட முடியும். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரரால் அப்படிப் போக முடியாது, நாளைக்கும் அங்கேதான் உட்கார வேண்டும். பலகாரம் வேண்டாம் என்றால் எடுத்து வைத்துவிடுவார். வசனத்தை என்ன செய்வார்? குப்பையில் போடவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் தயக்கமாக இருக்கும். உங்களுக்கு ஆயுத பூஜைப் பொரி கொடுக்கும்போது யாரும் ஸ்லோகம் அச்சடித்துச் சேர்த்துக் கொடுப்பதில்லை அல்லவா? கிறிஸ்தவர்களில் சிலர் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். ஆனாலும் கொடுத்தவர் மனம் நோகாமல் கையில் வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, எப்படியிருந்தாலும் அந்த மரியாதையை நீங்கள் அறிவீர்கள். அதே மரியாதையோடு கொடுங்கள்.

அதற்காகப் பயந்துகொண்டு ‘புத்தாண்டுப் பரிசு’ என்று பெயர் மாற்றிக் கொடுக்கவும் வேண்டாம். கிறிஸ்துமஸ் என்றே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டுவோம், கேரல் பாட்டுக்காரர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள் என்று கதை சொல்லுங்கள். யாராவது தானாகக் கேட்டால் உங்கள் விசுவாசத்தைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம்.

மேடத்துக்கு? அதே பொட்டலம், அதே இரண்டு முந்திரிக்கொத்து, அதே அளவு அட்டை. ஒரு கொத்துகூடக் கூடுதலாக வேண்டாம். அவர்தான் உங்கள் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அவருக்குத் தனியாக ஒன்று போனால், நாளைக்கு உங்கள் உழைப்புக்கு நியாயமாக இன்க்ரிமென்ட் வந்தாலும் அந்தப் பரிசைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது உங்களுக்கும் கெடுதல், அவருக்கும் கெடுதல். பொங்கலுக்கு அவர் கொடுத்த துணியைத் திருப்பிச் செய்ய நினைக்காதீர்கள். தைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நாள் ஆபீசுக்கு வாருங்கள். கொடுத்தவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வருடம் உங்கள் பொட்டலம் சின்னதாக இருந்தால், அடுத்த பொங்கலுக்கு அவருக்கும் அந்த நெருக்கடி இருக்காது.

கணக்குப் பிரிவு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மேசைக்குப் பில் அனுப்பும் சப்ளையர்களுக்கும், உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர்களுக்கும் தனிப்பட்ட முறையில் எதுவும் கொடுக்காதீர்கள், அவர்களிடமிருந்து வாங்கவும் வாங்காதீர்கள். பலகாரம் என்றாலும் சரி. உங்கள் நிறுவனத்தில் பரிசு பற்றி விதி இருக்கலாம், மனிதவளப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இதைப் படிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 13ஆவது விதி பரிசுகளைப் பற்றியது, எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

எப்போது கொடுப்பது? நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. போன வருடம் 24ஆம் தேதி கொடுத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறினீர்கள். இந்த வருடம் போய்விட்டு வந்து கொடுங்கள். கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 6 வரை இருப்பது உங்களுக்கே தெரியும். ஊருக்குப் போனவர் பையில் பலகாரத்தோடு திரும்புவது நம் எல்லோருக்கும் பழகிய காட்சி. ‘ஊரிலிருந்து என்ன கொண்டு வந்தே’ என்று அவர்களே கேட்பார்கள். பண்டிகை முடிந்துவிட்டதால் பதிலுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று யாரும் கடைக்கு ஓட மாட்டார்கள். முந்திரிக்கொத்து காற்றுப் புகாத டப்பாவில் பத்துப் பதினைந்து நாள் தாங்கும், அவசரமும் இல்லை. அட்டைகளை மட்டும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்த அன்று காலை அரை மணி முன்னதாகப் போய், தளம் துடைக்கும் அம்மாக்களுக்கும் செக்யூரிட்டிக்கும் முதலில் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு மேசை மேசையாக வையுங்கள். எல்லோரும் வந்த பிறகு கூட்டமாக நின்று கொடுத்தால் பேச்சு, கைதட்டல், போட்டோ என்று ஆகிவிடும். மேசையில் வைத்தால் அட்டையை அவரவர் தனியாகப் படிப்பார்கள்.

இதற்கிடையில், பிரிவில் எல்லோரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடலாம் என்று யாராவது கிளப்பினால் ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ விளையாட்டைச் சொல்லுங்கள். கல்லூரியில் விளையாடியிருப்பீர்கள். சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு மட்டும் பரிசு, உச்ச வரம்பு 100 ரூபாய், அதற்கு மேல் யாரும் போகக் கூடாது. சேர விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, சரி என்றவர்களின் பெயரை மட்டும் சீட்டில் எழுதுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் முடியாதவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

‘இந்தத் தடவை கேக் இல்லையா?’ என்று ஒருவராவது கேட்பார். அப்பாவின் சிகிச்சை, கைச்செலவு எதையும் விளக்க வேண்டாம். “இந்த வருஷம் எங்க ஊர்ப் பலகாரம், சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றால் போதும். அந்த முந்திரி, பாதாம் அக்காவிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள். “அக்கா, போன வருஷம் நான் தெரியாம பெருசா பண்ணிட்டேன், உங்களையும் இழுத்து விட்டுட்டேன்” என்று நேராகவே சொல்லலாம். உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தவர்தான். அடுத்த தீபாவளிக்கு அவரும் வீட்டில் செய்த அதிரசம் இரண்டு கொண்டு வந்தால் பிரிவு முழுக்க மூச்சு விடும்.

மாலை போட்ட அண்ணன்மார் மலைக்குப் போய்விட்டு ஜனவரியில் அரவணையோடு வருவார்கள். உங்கள் மேசைக்கும் ஒரு கரண்டி வரும். நீங்கள் சாப்பிடுவீர்களோ, அறைத் தோழிக்குக் கொடுப்பீர்களோ, ஒரு சின்னக் கிண்ணத்தை மேசை டிராயரில் இப்போதே போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா